கரையைக் காப்பவர் யார்?

இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் அமைந்தது திரெந்தினோ மாகாணம். அங்கே ஃபியெம்மே பள்ளத்தாக்கில் தேசெரோ என்றோர் ஊர் உண்டு. அவ்வூரைச் சார்ந்த சிற்றூரே ஸ்தாவா. ஊசியிலைக் காடுகளும் பசும்புல் வெளிகளும் சூழ்ந்த அச்சிற்றூரின் வழியே அதே பெயர் கொண்ட ஓடையொன்று ஓடி, கீழே அவீசியோ ஆற்றில் கலக்கின்றது. கோடை விடுமுறையை மலைக்காற்றில் கழிக்க விரும்பும் குடும்பங்கள் ஆண்டுதோறும் அங்கு வந்து தங்குவது வழக்கம்.

1985 ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நண்பகல் 12 மணி 22 நிமிடம். உணவு வேளை. ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குளங்கள் இருந்தன. அவை மீன் வளர்க்கும் குளங்களும் அல்ல, பாசனக் குளங்களும் அல்ல. சுரங்கத்துக் கழிவுச்சேற்றைத் தேக்கி வைத்த குளங்கள். மேற்குளத்தின் கரை உடைந்து கீழ்க்குளத்தின்மீது விழுந்தது. அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாமல் கீழ்க்கரையும் உடைந்தது. ஏறத்தாழ 1,80,000 கன மீட்டர் சேறும் மணலும் நீரும், மணிக்கு 90 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பள்ளத்தாக்கினுள் பாய்ந்தன. வழியிலிருந்த மரங்களையும் மண்ணையும் வீடுகளையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, 4 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவைச் சில நிமிடங்களில் கடந்து, அச்சேறு அவீசியோ ஆற்றை அடைந்தது.

சேறு அடங்கியபோது 53 வீடுகளும் 3 விடுதிகளும் 6 தொழிற்கூடங்களும் இல்லை. 8 பாலங்களும் இல்லை. உயிர் நீத்தோர் 268 பேர். அவர்களுள் ஆடவர் 89 பேர், பெண்டிர் 120 பேர், பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட இளையோர் 31 பேர், பத்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள் 28 பேர்.

நிலம் நடுங்கிற்றா? இல்லை. பெரும் புயல் வீசிற்றா? அதுவும் இல்லை. பின் எதனால் வந்தது இக்கேடு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், எங்கோ தொலைநாட்டில் நிகழ்ந்த துயரம்தானே என்று நாம் இதனை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் ஸ்தாவாவில் உடைந்தது மண்கரை மட்டுமன்று. மனிதர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கை என்னும் கரையும் அன்று உடைந்தது.

படிவுக் குளம் என்பது யாது?

பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் பாறை முழுவதும் நமக்குப் பயன்படுவதில்லை. வேண்டிய கனிமம் அதில் ஒரு பகுதியே. மற்றதெல்லாம் கழிவு. ஆகவே பாறையை மாவுபோல அரைத்து, நீரிற் கலந்து, வேண்டியதைப் பிரித்தெடுக்கின்றனர். ஸ்தாவாவுக்கு மேலே பிரெஸ்தாவெல் மலையில் எடுக்கப்பட்டது ஃப்ளூரைட் என்னும் கனிமம். எஃகு ஆலைகளுக்கும் வேதித்தொழிலுக்கும் வேண்டப்படுவது அது. கனிமத்தைப் பிரித்த பின்னர் எஞ்சுவது மணலும் நுண்வண்டலும் கலந்த சேற்றுநீர். அதை அப்படியே ஓடையில் விட்டால் ஓடை பாழாகும். எனவே ஒரு குளம் அமைத்து அதில் தேக்குகின்றனர். வண்டல் அடியில் படிகின்றது. தெளிந்த நீரை வெளியேற்றுகின்றனர். இதுவே படிவுக் குளம்.

இதில் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நீரைத் தேக்கும் அணையைப் பொறியாளர் ஒரே முறையில் திட்டமிட்டுக் கட்டி முடிக்கின்றார். படிவுக் குளத்தின் கரையோ சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் வளர்ந்துகொண்டே இருக்கும். கழிவு பெருகப் பெருகக் கரையையும் உயர்த்த வேண்டும். கரையை உயர்த்த வெளியிலிருந்து நல்ல மண் கொணர்வது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே கழிவிலிருந்து பிரித்த பருமணலைக் கொண்டே பல இடங்களில் கரையை எழுப்புகின்றனர். ஒவ்வொரு புதிய படியையும் குளத்தின் உட்பக்கமாக, ஏற்கெனவே படிந்த வண்டலின்மேலேயே வைத்துக் கட்டும் முறையும் உண்டு. செலவில் மிகக் குறைந்தது அதுவே. ஆபத்தில் மிக மிகுந்ததும் அதுவே. உலர்ந்து இறுகாத வண்டலின்மேல் நிற்கும் கரை, மணலின்மேல் கட்டிய வீட்டுக்கு ஒப்பானது. அந்த உவமையை நற்செய்தியில் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் முடிவைச் சொல்ல வேண்டுவதில்லை.

மற்றொன்றும் உண்டு. நம் ஊர்களில் ஏரிக்கரையை மக்கள் கண்ணைப்போல் காத்ததற்குக் காரணம், அந்த ஏரி அவர்களுக்குச் சோறு போட்டது. கரை உடைந்தால் வயல் போகும். கழிவுக் குளமோ எவருக்கும் எதையும் ஈவதில்லை. உடையவனுக்கு அது செலவுக் கணக்கில் நிற்கும் ஒரு சுமை. வருவாய் தராத ஒன்றுக்குப் பணமும் கவனமும் செலவிட மனித மனம் எளிதில் இசைவதில்லை. ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஸ்தாவாவின் இரு குளங்கள்

கீழ்க்குளத்தின் வேலை 1961 ஆம் ஆண்டில் தொடங்கியது. அது நிரம்பவே, 1960களின் இறுதியில் அதற்கு மேலே இரண்டாவது குளத்தை அமைக்கத் தொடங்கினர். தேர்ந்தெடுத்த இடமோ இயல்பாகவே நீர் ஊறும் சதுப்பு நிலம். மேற்குளத்தின் கரையில் ஒரு பகுதி, கீழ்க்குளத்தின் இறுகாத வண்டலின்மேலேயே நின்றது. கரையின் சரிவு ஏறத்தாழ 40 பாகை அளவுக்குச் செங்குத்தாக இருந்தது. தெளிந்த நீரை வெளியேற்றும் குழாய்களோ குளத்தின் அடியிலும் கரையினூடேயும் செல்லுமாறு பதிக்கப்பட்டிருந்தன. குழாய் பழுதானால் கையெட்டாது. அதே வேளையில், பழுதான குழாயின் நீர் கரையின் வயிற்றிலேயே இறங்கும். உடைந்த நாளில் மேற்கரையின் உயரம் 34 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் எனலாம்.

இத்தகைய கரை நிற்குமா என்னும் ஐயம் எவருக்குமே எழவில்லையா? எழுந்தது. 1974 ஆம் ஆண்டில் தேசெரோ நகராட்சியே அதனை எழுப்பியது. மேலே இருக்கும் குளங்களால் தங்கள் மக்களுக்கு ஆபத்து உண்டா என்று சுரங்கங்களை மேற்பார்வையிடும் மாகாண அலுவலகத்தை அது கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி, கேட்க வேண்டியவரால், கேட்க வேண்டிய இடத்திலேயே கேட்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தது யாது? அலுவலகம் தானே சென்று ஆராயவில்லை. ஆராயும் பொறுப்பைச் சுரங்கத்தை நடத்திய நிறுவனத்திடமே ஒப்படைத்தது! செய்ய வேண்டிய சோதனைகள் பலவற்றைச் செய்யாமலே 1975 ஆம் ஆண்டில் அந்த ஆய்வு முடிந்தது. அவ்வாறு முடிந்த ஆய்வுகூட, கரையின் சரிவு வழக்கத்துக்கு மிஞ்சியது என்றும், அதன் உறுதி எல்லைக்கோட்டில் நிற்கின்றது என்றும் கண்டது. எனினும் நகராட்சிக்குச் சென்ற மறுமொழி, அஞ்ச வேண்டியதில்லை என்னும் பொருளிலேயே அமைந்தது. குளத்தை மேலும் உயர்த்தவும் வழி திறந்தது. ஊர் மக்கள் அம்மறுமொழியை நம்பினர். நம்பாமல் வேறென்ன செய்வர்? அவர்கள் பொறியாளர் அல்லர். கேட்டார்கள், பதில் வந்தது, அமைந்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற அக்குளங்களை நிறுவனங்களோ அரசு அலுவலகங்களோ ஒருமுறையேனும் உள்ளபடி சோதித்ததில்லை என்பது விபத்துக்குப் பின்னரே வெளியாயிற்று.

கரை பேசியது

மண்கரைக்கு வாய் இல்லை. ஆயினும் அது பேசும். 1985 ஜனவரியில், குழாயொன்று குளிரில் உறைந்ததன் விளைவாக மேற்கரையின் ஒரு பகுதி சரிந்தது. இது முதற்பேச்சு. மே மாத இறுதியில் கீழ்க்குளத்தின் அடியிற் சென்ற குழாய் உடைந்து, குளத்தில் பெரியதோர் ஓட்டை விழுந்து, சேறும் நீரும் ஓடையில் இறங்கின. இது இரண்டாம் பேச்சு. இரு முறையும் கரை சொன்னது ஒன்றே: "என் உள்ளே நீர் இருக்கின்றது. நான் தளர்ந்துவிட்டேன்."

கேட்டவர்கள் பழுது பார்த்தார்கள். குளங்களின் நீரை இறக்கினார்கள், குழாயைச் செப்பனிட்டார்கள். ஆனால் இக்கரை இனியும் நிற்குமா என்னும் பெரிய கேள்விக்குள் அவர்கள் போகவில்லை. ஜூலை 15 ஆம் நாள் இரு குளங்களும் வழக்கம்போல இயங்கத் தொடங்கின. நான்கே நாட்கள் கழிந்தன. மீதியை மேலே கண்டோம்.

அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முடிவு கடுமையானது. இப்படிவுக் குளங்கள் பள்ளத்தாக்கின் தலைமேல் எந்நேரமும் தொங்கிய ஆபத்து என்றும், ஒரு சமுதாயத்தையே அழிக்கக்கூடிய அமைப்புக்கு இருக்க வேண்டிய பாதுகாப்பு, திட்டத்திலும் இல்லை, கட்டியதிலும் இல்லை, நடத்தியதிலும் இல்லை என்றும் அது கண்டது. சிறியதொரு மாறுதல் நேர்ந்தாலும் மேற்கரை விழுந்தே தீரும் என்னும் நிலையில் இருந்ததாம். 1992 ஜூனில் வழக்கு முடிவுற்றபோது பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கரையைக் கட்டியவரும் நடத்தியவரும் மட்டுமன்றி, சோதிக்க வேண்டிய கடமையிருந்தும் சோதியாதிருந்த அரசு அலுவலரும் அவர்களுள் அடங்குவர். செய்த குற்றத்தைப் போலவே செய்யாமல் விட்ட குற்றமும் தண்டனைக்குரியது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று.

கடவுள் சித்தமா?

பெருந்துயர் நேரும்போது "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று கூறி அமைவது நம் குடும்பங்களில் வழக்கம். துயருற்றோர் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ள அப்படிக் கூறுவாராயின் அதில் குறையில்லை. ஆனால் கடமை தவறியவர்கள் அச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள நாம் இடம் தரலாகாது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை இயேசு பெருமான் எடுத்துரைத்தபோது, மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று தெளிவாக்கினார். பின்னர்ப் பார்வையை உயிரோடிருப்பவர்கள் பக்கம் திருப்பி, மனந்திரும்புமாறு கேட்டார். விழுந்த கோபுரம் இறந்தவர்களைக் குறித்துத் தீர்ப்பு சொல்வதில்லை. எஞ்சியிருப்போரையே அது கேள்வி கேட்கின்றது.

1988 ஜூலை 17 ஆம் நாள், இன்று புனிதராக நாம் வணங்கும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அப்பள்ளத்தாக்குக்குச் சென்று இறந்தோருக்காக மன்றாடினார். உறவினரை இழந்தோர் அழுகையோடு நின்றுவிடவில்லை. நடந்தது என்ன, ஏன் நடந்தது என்பதை உலகுக்குச் சொல்வதே இறந்தோருக்குச் செய்யும் கடமை எனக் கருதினர். 2002 ஆம் ஆண்டில் "ஸ்தாவா 1985" என்னும் அறக்கட்டளை உருவாயிற்று. மாணவரும் பொறியாளரும் அலுவலரும் அங்கு வந்து, ஒரு கரை எப்படி விழுந்தது என்பதைப் பாடமாகக் கற்கின்றனர். நினைவுத்தூண் எழுப்புவதோடு நிறைவுகொள்ளாத நினைவு அது.

கரையைக் கண்காணிப்பது எப்படி?

கரையின் பெரும் பகை அதன் உள்ளே ஏறும் நீர். கடற்கரையில் ஈரமணலின்மீது நின்று காலால் மீண்டும் மீண்டும் மிதித்துப் பாருங்கள். முதலில் கெட்டியாக இருந்த மணல் சற்று நேரத்தில் குழைந்து, கூழ்போல் நெகிழ்வதைக் காண்பீர்கள். மணல் தன் பாரத்தை மணலுக்கு மணல் தொட்டுக்கொண்டே தாங்குகின்றது. இடையிலுள்ள நீரின் அழுத்தம் மிகுந்தால் அந்தத் தொடுகை தளர்ந்துவிடும். அக்கணமே திண்ணிய கரை திரவமாக மாறுகின்றது. மாறிவிட்டால் அதனைத் தடுக்க மனித ஆற்றல் போதாது.

ஆகவே கண்காணிப்பு என்பது முதன்மையாக நீரைக் கண்காணிப்பதேயாகும். கரையினுள் குறுகிய குழாய்களை இறக்கி, உள்ளே நீர் எம்மட்டத்தில் நிற்கின்றது, எவ்வளவு அழுத்தம் தருகின்றது என்று அளக்கின்றனர். அக்கருவிக்குப் பீசோமீட்டர் என்று பெயர். கரையின் அடியிலிருந்து கசியும் நீரை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து அதன் அளவை நாள்தோறும் குறிக்கின்றனர். கசிவு இருப்பதே கேடு என்பதில்லை. தெளிந்த நீர் ஒரே அளவில் கசிந்தால் கரை மூச்சு விடுகின்றது எனக் கொள்ளலாம். அளவு திடீரென்று மிகுந்தாலோ, தெளிந்த நீர் கலங்கி வந்தாலோ, கரையின் உள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகின்றது என்பது பொருள். மாறாக, வழக்கமாய் வந்த கசிவு திடீரென்று நின்றுபோனாலும் மகிழ்வதற்கில்லை. வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே அடைபட்டிருக்கக்கூடும்.

கரையின் உச்சியிலும் சரிவிலும் அடையாளக் கற்களை நட்டு அவை நகர்கின்றனவா என்று அளப்பதும் உண்டு. இக்காலத்தில் ரேடார் கருவிகளும், வான்வெளியில் சுற்றும் செயற்கைக் கோள்களும், சில மில்லிமீட்டர் அளவான அசைவையும் கண்டு சொல்கின்றன. குளத்தின் நீர் கரையை நெருங்காமல், இடையே அகன்ற மணல்திட்டு இருக்குமாறு காப்பதும், பெருமழையிலும் நீர் கரையைத் தாண்டி வழியாதவாறு கரையுச்சியைப் போதிய உயரத்தில் வைத்திருப்பதும் அடிப்படை விதிகள். இவை அனைத்துக்கும் மேலாக, பழகிய கண்ணுடைய ஒருவர் கரையைக் காலால் நடந்து பார்ப்பது இன்றியமையாதது. வெடிப்பு, உப்பல், புதிதாய் ஈரங்கண்ட இடம், சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றைக் கருவி தவறவிட்டாலும் கண் தவறவிடாது.

கருவி மட்டும் போதுமா?

ஆனால் கருவிகளைப் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர்க்கு மற்றொரு துயரம் விடை கூறுகின்றது. தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் புருமாடின்யோ என்னும் ஊரருகே, இரும்புச் சுரங்கம் ஒன்றின் கழிவுக் கரை 86 மீட்டர் உயரம் வளர்ந்து நின்றது. உட்பக்கமாகவே படிப்படியாக உயர்த்தப்பட்ட கரை அது. 2016 ஆம் ஆண்டிலிருந்து அதில் புதிய கழிவைக் கொட்டுவதையும் நிறுத்தியிருந்தனர். பீசோமீட்டர்கள் இருந்தன. ரேடார் இருந்தது. கரை உறுதியாயிருக்கின்றது என்று 2018 ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட சான்றிதழும் இருந்தது.

2019 ஜனவரி 25 ஆம் நாள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் உணவு வேளை, அக்கரை சில நொடிகளில் குழைந்து சரிந்தது. கிட்டத்தட்ட 97 இலட்சம் கன மீட்டர் சேறு கீழே பாய்ந்தது. சுரங்கத் தொழிலாளர் உணவருந்தும் கூடமும் அலுவலகமும் கரைக்கு நேர் கீழேயே கட்டப்பட்டிருந்தன! எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை. 270 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கு உழைத்துப் பிழைத்தவர்களே. இரண்டு நாட்களுக்குப் பின்னர், பனாமா நாட்டில் உலக இளையோர் நாளில் இருந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்காக மன்றாடினார். அதே மாநிலத்தில் 2015 நவம்பர் 5 ஆம் நாள் மரியானா நகருக்கருகே மற்றொரு கழிவுக் கரை உடைந்து 19 பேர் இறந்திருந்தனர். அந்தப் பாடம் நான்காண்டுகூட நினைவில் நிற்கவில்லை.

பின்னர் ஆராய்ந்த நிபுணர்கள், விழுவதற்கு முந்திய நாட்களில் கருவிகள் குறிப்பிடத்தக்க எச்சரிக்கை எதையும் காட்டவில்லை என்று கண்டனர். கரை மிகவும் செங்குத்தானது. உள்ளே நீர் வடிய வழியில்லை. வண்டலோ தளர்ந்தது. இப்படிப் பிறவியிலேயே நோயுற்ற கரை, விழும் கணம் வரை நிற்பதுபோலவே தோன்றும். நாடி பார்ப்பதால் மட்டும் நோய் தீராது. உடலுக்கு ஊறு செய்யும் வழக்கத்தை விட்டாக வேண்டும். சிலி நாட்டில் 1965 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் எல் கோப்ரே என்னுமிடத்துக் கழிவுக் கரை உடைந்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், அந்நாடு 1970 ஆம் ஆண்டிலேயே உட்பக்கமாகக் கரை உயர்த்தும் முறைக்குத் தடை விதித்தது. அதே தடையைப் பிரேசில் விதிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்டவர்களால் வந்த மாற்றம்

புருமாடின்யோவுக்குப் பின்னர் நிகழ்ந்த ஒன்று நம் கவனத்துக்குரியது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும், சுவீடன் நாட்டு ஓய்வூதிய நிதிகளின் அறநெறிக் குழுவும் ஒன்றுசேர்ந்து, உலகெங்குமுள்ள எழுநூறு அளவான சுரங்க நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதின. உங்கள் கழிவுக் குளங்கள் எங்கே உள்ளன, எம்முறையில் கட்டப்பட்டவை, எவ்வளவு உயரம், யார் சோதித்தார் என்பனவற்றை எல்லாரும் அறிய வெளியிடுங்கள் என்று கேட்டன. மாண்டோரின் கண்ணீர் அசைக்காத சில கதவுகளை முதலீட்டாளரின் கேள்வி அசைத்தது. முதிர்ந்த குருக்களின் ஓய்வூதியத்துக்காகச் சேர்த்த பணம், அறியாத நாட்டு ஏழைகளின் உயிருக்காகப் பேசிற்று.

2020 ஆகஸ்டில், ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் சுரங்க நிறுவனங்களின் பேரவையும் பொறுப்பான முதலீட்டுக்கான அமைப்பும் சேர்ந்து, கழிவுக் குளங்களுக்கான உலகப் பொதுவிதிகளை வெளியிட்டன. அதில் 15 கொள்கைகளும் 77 விதிகளும் உள்ளன. அவற்றின் உயிர்நாடியைச் சில சொற்களில் கூறலாம். ஒவ்வொரு கரைக்கும் பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர் ஒருவர் நிறுவனத்தின் உயர்மட்டத்தில் இருத்தல் வேண்டும். கரையின் வரலாறு முழுவதையும் அறிந்த பொறியாளர் ஒருவர் வேண்டும். நிறுவனத்தைச் சாராதவர்கள் சோதிக்க வேண்டும். ஆபத்தைச் சுட்டிக்காட்டும் ஊழியரைப் பழிவாங்கலாகாது. கீழே வாழும் மக்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆபத்து வேளையில் செய்ய வேண்டியதை அவர்களோடு சேர்ந்தே திட்டமிட வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய அறிவியல் அன்று. 1974 ஆம் ஆண்டிலேயே இவற்றுள் ஒன்று, அதாவது சாராதவர் சோதித்தல் என்னும் ஒன்று மட்டும் கைக்கொள்ளப்பட்டிருப்பினும், ஸ்தாவாவின் குழந்தைகள் இன்று நடுவயதினராய்த் தங்கள் பிள்ளைகளோடு வாழ்ந்திருக்கக்கூடும்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் பொறியாளர் அல்லர். ஆயினும் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அடிவாரத்தில் வாழும் எந்தக் குடும்பமும் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. மேலே தேக்கி வைத்திருப்பது யாது? கரை எதனால் ஆனது? அதனை யார் சோதிக்கின்றார்? சோதிப்பவருக்குச் சம்பளம் தருபவர் யார்? ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா? இரவில் கரை சரிந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த வழியாக, எந்த மேட்டுக்கு ஓட வேண்டும்? இக்கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. "உங்களுக்கு இது புரியாது" என்னும் பதிலை ஏற்றுக்கொள்ளாத உறுதி ஒன்றே போதும்.

இன்னொரு கடமையும் நமக்கு உண்டு. நம் பிள்ளைகள் பலர் பொறியியல் பயின்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். ஒரு நாள் அவர்கள் மேசைக்கும் ஒரு சான்றிதழ் வரக்கூடும். பார்க்காத கரையைப் பார்த்ததாக எழுதும்படியோ, எல்லைக்கோட்டில் நிற்பதை உறுதியாக நிற்கின்றது என்று எழுதும்படியோ மேலிடம் கூறக்கூடும். அந்த வேளையில் பேனாவைக் கீழே வைக்கும் துணிவை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையைக் குழந்தைப் பருவத்தில் மனப்பாடம் செய்வித்த பெற்றோரே அதனைக் கற்பிக்க இயலும். பொய்ச்சான்று என்பது நீதிமன்றத்தில் கூறும் பொய் மட்டுமன்று. கையொப்பமிட்ட தாளிலும் அது குடியிருக்கும். அத்தாளின் கீழே மக்கள் உறங்குகின்றனர்.

தேசெரோ மக்கள் கேட்டது சரியான கேள்வி. பிழை கேள்வியில் இல்லை. அதற்கான பதிலை யார் வாயிலிருந்து பெறுவது என்பதில்தான் பிழை நேர்ந்தது. கரையைக் கட்டியவனே கரைக்குச் சாட்சி ஆகலாகாது. வேறொருவர் சென்று பார்க்கட்டும், பார்த்ததை ஒளிக்காமல் சொல்லட்டும், சொன்னதைக் கேட்டு நிறுத்த வேண்டியவர் நிறுத்தட்டும். அதுவரை, கீழே வாழ்பவர்கள் ஒருமுறை கேட்டு அமைந்துவிடாமல் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.